கிளினிக் நாளில் ஆளை விடுங்கள்

தோட்டச் சம்பள நாட்கள் வந்தால் ஹட்டன் கடைவீதியில் நம் சகோதரர்கள் பகல் சோறு உண்பது மாலை நான்கு மணிக்குத்தான். அதுவரை பிளேன்டியும் ரோல்ஸும். கடன் கொப்பியைத் திறந்தால் கோபம், படுத்தால் தூக்கமில்லை. இப்படி வருடக்கணக்கில் ஓடினால் பிரஷர் வரத்தான் செய்யும்.

இது சொல்லிக்கொண்டு வரும் நோயல்ல. 140க்கு 90 என்ற அளவைத் தாண்டிய பின்பும் பலருக்கு ஒன்றுமே தெரியாது. பிறகு ஒருநாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று மாத்திரையை நிறுத்துவது தவக்குல் ஆகாது. நோய்க்கு மருந்து செய்யும்படி ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உடல் நம்மிடம் உள்ள அமானிதம்.

வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடம் 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மோடியால் திறந்து வைக்கப்பட்டது. நுவரெலியாவிலும் அரசாங்க வைத்தியசாலை உண்டு. பார்ப்பதற்குக் கட்டணமில்லை. தடையாக இருப்பது நேரம்தான். கிளினிக்கும் காலையில், வியாபாரமும் காலையில். முதலாளியும் போவதில்லை, கடையில் நிற்கும் ஆளையும் விடுவதில்லை. விட்டாலும் அரைநாள் சம்பளத்தை வெட்டுகிறோம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு இது அழகா? ஆள் விழுந்துவிட்டால் நட்டம் அரைநாளோடு நிற்காது.

விடாமல் கவனித்தால் பலன் உண்டு. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் பிரஷர் உள்ள 2,645 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2020இல் வெளியானது. சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அளந்து, புத்தி சொல்லி வந்த ஊர்களில், மேல் அளவு மற்ற ஊர்களைவிட சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது.

அந்த வேலையை நம் ஜமாஅத்துகளும் செய்யலாம். பள்ளிவாசலில் ஒரு பிரஷர் மெஷின் வைத்து, ஜும்ஆவுக்குப் பின் அளந்து பார்க்கட்டும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டையும் அச்சாறையும் விற்கும் நாம், நம் வீட்டுச் சட்டியிலாவது கையைக் குறைப்போம். மாத்திரை பாவிப்பவர்கள் ரமழானுக்கு முன்பே டாக்டரிடம் போய், எந்த நேரத்தில் குடிப்பதென்று கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பைக் காரணம் காட்டித் தாமாக நிறுத்தக்கூடாது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

முதலாளிமார்களே, மாதத்தில் ஒரு காலைப் பொழுது. சம்பளத்தை வெட்டாமல் ஆளை அனுப்புங்கள், நீங்களும் கூடவே போங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் வியாபாரத்தில் பரக்கத்தையும் தருவானாக.