கூட வர ஓர் ஆள்

மாண்புமிகு சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சில வருடங்களாக, வீட்டில் அடிபடும் பெண்களோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய் வருகிறேன். எந்த அமைப்பிலும் இல்லை. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், ஒருநாள் காலை எட்டு மணிக்கு மகளோடு என் வாசலில் வந்து நின்று, “டீச்சர், ஸ்டேஷனுக்குக் கூட வரீங்களா?” என்று கேட்டாள். அப்படித் தொடங்கியது இது.

அன்று அவள் கையில் பை எதுவும் இல்லை. பையோடு கிளம்பினால் எங்கே போகிறாய் என்று மாமியார் கேட்பார். அதனால் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளைக்குச் சீருடையின் உள்ளே இன்னொரு கவுன். அவளும் புடவைக்குள் இன்னொரு பாவாடை. காகிதங்கள் எங்கே என்று கேட்டேன். மகளின் கணக்கு நோட்டை எடுத்து, அதற்குப் போட்டிருந்த பழுப்பு அட்டையைப் பிரித்தாள். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், அவற்றோடு நான்காக மடித்த மூன்று தாள்கள்.

அந்த மூன்று தாள்களைப் பற்றித்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். மூன்றும் மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கியவை. “இனிமேல் மனைவியை அடிக்க மாட்டேன், ஒழுங்காகக் குடும்பம் நடத்துவேன்” என்று கணவனின் கையெழுத்து. அதன் கீழே, “சமாதானமாகப் போகிறேன், மேல் நடவடிக்கை தேவையில்லை” என்று அவளுடையது. முதல் தாளுக்கும் மூன்றாவது தாளுக்கும் இடையே இரண்டு வருடம். மூன்றாவது தாளில் அவள் கையெழுத்து இல்லை, இடது பெருவிரல் ரேகைதான் இருந்தது. பத்தாம் வகுப்பில் தமிழில் 91 மதிப்பெண் வாங்கிய பெண் அவள். ஏன் ரேகை என்று கேட்டேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தது, அதனால் ரேகை வைக்கச் சொன்னார்கள் என்றாள். எழுதக்கூட முடியாத கையோடு வந்தவளிடம் சமாதானத்துக்கு ரேகை வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவரும் ஒரு பெண்தான்.

காவல் துறையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டபோது நான் இளம் ஆசிரியை. அன்று எங்களுக்கு இருந்த பெருமை இன்றும் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்த நிலையங்கள் நாளடைவில் குடும்பப் பஞ்சாயத்து நடக்கும் இடங்களாகிவிட்டன. “புள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கோம்மா” என்பதை அங்கே ‘கவுன்சிலிங்’ என்கிறார்கள். அவள் முன்பே ஆயிரம் முறை பொறுத்தவள். பொறுக்க முடியாமல்தான் படியேறி வந்திருக்கிறாள்.

என் மாணவிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். “அவர ஜெயில்ல போட வேணாம் டீச்சர். அடிக்காம இருந்தா போதும். வீட்ட விட்டுத் தொரத்தாம இருந்தா போதும்.” இதையேதான் பெரும்பாலான பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கொடுப்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது என்பது அந்த மூன்று தாள்களில் ஒன்றிலும் இல்லை.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிக்கக் கூடாது என்று நடுவர் உத்தரவு போடலாம். வாழ்ந்த வீட்டிலிருந்து அவளை வெளியேற்றக் கூடாது என்று போடலாம். செலவுக்குப் பணம், குழந்தையைத் தற்காலிகமாக அவளிடம் விடுவது, இழப்பீடு எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் சிறை. வீடு மாமனார் பேரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று துரத்துகிற வழக்கத்துக்கும் 2020-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும், அவள் குடும்பம் நடத்திய வீடு என்றால் அங்கே குடியிருக்கும் உரிமையை அவள் கேட்கலாம். முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், அங்கிருந்து 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

என் மாணவியின் மனு 14 மாதமாக நடக்கிறது. முதல் இரண்டு வாய்தாவும் நோட்டீஸ் சேராததால் தள்ளிப்போயின. வீடு பூட்டியிருந்ததாம். அந்த வீடு பூட்டியிருந்த நாளை நான் பார்த்ததில்லை.

ஏன் சேரவில்லை? இந்த வழக்குகளில் நோட்டீஸை இரண்டு நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டியது இச்சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு. அதோடு முடியவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் கேட்டு வீட்டு வன்முறை அறிக்கையை எழுத வேண்டும், இலவச சட்ட உதவிக்கு வழி செய்ய வேண்டும், காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், தங்க இடம் பார்க்க வேண்டும், நீதிமன்றத்துக்கு உதவ வேண்டும், உத்தரவு வந்தபின் அது நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இத்தனைக்கும் ஒருவர்தான். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஓர் அறையில் இருக்கிறார். நல்லவர். என் மாணவி பேசி முடிக்கும்வரை ஒரு மணி நேரம் தொலைபேசியை எடுக்காமல் கேட்டார். அவர் மேசையில் இருந்த கோப்புகள் அவர் முகத்தைப் பாதி மறைத்தன. மாவட்டத்தின் கடைசி ஊருக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். தனக்கென வண்டி இல்லாத அலுவலர் இரண்டு நாளில் எப்படி நோட்டீஸ் சேர்ப்பார்?

இது எங்கள் மாவட்டத்துக் கதை மட்டும் இல்லை. 2022 ஜூலை நிலவரப்படி நாடு முழுவதும் இச்சட்டத்தின் கீழ் 4 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருப்பதாக உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் என்றால் ஒருவர் தலையில் 500, 600 வழக்குகள். 2025 மே மாதம், எல்லா மாநிலங்களும் மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டு ஆறு வாரம் கெடு கொடுத்தது. அந்தக் கெடு என்றைக்கோ முடிந்துவிட்டது. எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் அப்படியொரு பெயர்ப் பலகையை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அமைச்சர் அவர்களே, இருக்கிற ஊர்நல அலுவலர் ஒருவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஆணை போட்டுவிட்டு எண்ணிக்கையைக் காட்டிவிடாதீர்கள். வட்டத்துக்கு ஒருவர், இந்த வேலைக்கு மட்டுமே ஒருவர், கையில் வண்டியும் ஓர் உதவியாளரும் உள்ள ஒருவர் வேண்டும். இந்த மடலில் நான் கேட்கும் மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

அப்படி ஒருவர் இருந்தால் எழுத வேண்டியது ஒன்றைச் சொல்கிறேன். இச்சட்டத்தின் விதிகளோடு சில படிவங்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தாவது, பாதுகாப்புத் திட்டம். மறுபடி அடி விழும் என்று அவள் பயப்படுகிறாளா, எதற்கெல்லாம் பயப்படுகிறாள், அதற்கு என்ன செய்யலாம் என்று அவளோடு உட்கார்ந்து எழுதுவதற்கான படிவம் அது. சட்டம் எழுதியவர்கள் எவ்வளவு அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள் என்று அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. சீருடைக்குள் இன்னொரு கவுன் போட்டு, நோட்டு அட்டைக்குள் காகிதம் மறைத்து, என் மாணவி தனியாகவே அந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறாள். அவளுக்காக எழுத வேண்டிய படிவத்தை ஒருவரும் கையில் எடுக்கவில்லை.

அடுத்தது, வெளியே வந்தவள் எங்கே தங்குவது? பாதிக்கப்பட்ட பெண்களுக்காக மாவட்டங்களில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்கள் நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே தங்குவது ஐந்து நாளுக்குத்தான். ஆறாம் நாள் அவள் தாய்வீட்டுக்குப் போகிறாள். அங்கே தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள், வாழாவெட்டி அக்கா வீட்டில் இருந்தால் சம்பந்தம் அமையாது என்கிறார்கள். பத்தாம் நாள் அவள் புருஷன் வீட்டுக்கே திரும்பிவிடுகிறாள். ஊர் இதை ‘சேர்ந்துவிட்டார்கள்’ என்று சொல்லும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு கட்டியிருக்கும் தோழி விடுதிகளைப் பார்த்து மகிழ்ந்தவள் நான். ஒவ்வொன்றிலும் சில அறைகளை, முன்பணமும் சம்பளச் சான்றும் கேட்காமல், பிள்ளையோடு வரும் இப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒதுக்கினால் போதும், பலர் திரும்பிப் போக மாட்டார்கள்.

தங்க இடம் கிடைத்தாலும் செலவுக்குப் பணம் வேண்டும். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாதம் 1200 ரூபாய் ஓய்வூதியம் தருகிறீர்கள். அதற்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். கைவிடப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும் அல்லது நீதிமன்றத்தில் சட்டப்படி பிரிந்ததற்குச் சான்று வேண்டும். என் மாணவிக்கு வயது 27. அவள் கைவிடப்பட்டவளும் இல்லை, உயிரோடு தப்பி வந்தவள். அரசின் விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. வீட்டு வன்முறை அறிக்கை பதிவான நாளிலிருந்தே, வழக்கு முடியும்வரை, ஓர் இடைக்கால உதவித்தொகை கொடுங்கள்.

தடுப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “எல்லாம் குடியால் வருவது” என்கிறார்கள். குடி பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அடிக்கடி போதையாகும் கணவன்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் அவர்களிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் கணவன் குடிக்காத வீடுகளிலும் 23 சதவீதம். குடிக்காதவனும் அடிக்கிறான். அடிக்கலாம் என்று அவனுக்கு ஊரும் வீடும் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. அதே ஆய்வில், 18 முதல் 49 வயது வரையிலான, மணமான தமிழ்நாட்டுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29.3. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் மாநிலம் இது. நாம் தலைகுனிய வேண்டிய எண் அது.

வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நாட்டளவில் 14 சதவீதம்தான் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. மற்றவர்கள் நம்மைத் தேடி வர மாட்டார்கள், நாம்தான் போக வேண்டும். அதற்கு வழி உங்கள் அரசாங்கத்திடமே இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்குப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். வீட்டிலுள்ள பெண்ணிடம், அவள் தனியாக இருக்கும்போது, “வீட்ல பயமில்லாம இருக்கியாம்மா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்க அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கொடுங்கள். ஆனால் வட்டத்தில் அலுவலரை நியமிக்காமல் இதைத் தொடங்க வேண்டாம். அவளைப் பேசவைத்துவிட்டு, அழைத்துப் போக ஆள் இல்லாமல் விட்டால் அன்றிரவு அவளுக்கு அடி கூடுதலாக விழும்.

181 என்ற மகளிர் உதவி எண்ணை ஒவ்வொரு நியாயவிலைக் கடையின் பலகையிலும் எழுதுங்கள். அடிபடும் பெண் அதை மனப்பாடம் செய்துகொள்வாள். கைபேசியில் பதிந்துவைத்தால் கணவன் பார்த்துவிடுவான்.

என் மாணவி இப்போது ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மகள் வேறு பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அடுத்த வாய்தா வரும் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. நான் கூடப் போகிறேன். எனக்கு 66 வயதாகிறது, முழங்கால் வலியோடு நீதிமன்றப் படி ஏறுகிறேன். என் இடத்தில் உங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பிவையுங்கள் அம்மா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியை