டெகத்லான்: யார் முதல்ல வந்தாங்கன்னு பார்க்காதீங்க, எவ்வளவு பாயின்ட்னு பாருங்க

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துப் பள்ளி மைதானங்களில் ஓடியவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. மூன்று போட்டியிலும் முதலாவதாக வந்தால் 15 பாயின்ட். தனிநபர் சாம்பியன் கோப்பை கிட்டத்தட்ட உறுதி. 100 மீட்டரை 11 விநாடியில் ஓடினாலும் சரி, 13 விநாடியில் ஓடினாலும் சரி, முன்னால் யாரும் இல்லையென்றால் அதே 5தான்.

டெகத்லானில் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு நாள், பத்துப் போட்டி. யாரை முந்தினோம் என்பதற்கு ஒரு பாயின்ட்கூடக் கிடையாது. நேரமும் தூரமும் உயரமும் மட்டும்தான் பேசும்.

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பூஜ்ஜியக் கோடு உண்டு. 100 மீட்டருக்கு 18 விநாடி, 1500 மீட்டருக்கு 8 நிமிடம், உயரம் தாண்டுதலுக்கு 75 செ.மீ., போல் வால்ட்டுக்கு 1 மீட்டர். அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே போகிறோமோ அதை ஒரு சூத்திரத்தில் போட்டுப் பாயின்ட் எடுக்கிறார்கள். மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் மதிப்பு கூடும். 100 மீட்டரில் 12 விநாடிக்கு 651, 11 விநாடிக்கு 861, 10 விநாடிக்கு 1096. முதல் ஒரு விநாடி குறைத்ததற்கு 210, அடுத்த விநாடிக்கு 235. கஷ்டத்துக்கு ஏத்த கூலி!

இது எப்படி வேலை செய்யும் என்பதற்குத் தேஜஸ்வின் சங்கரைவிட நல்ல உதாரணம் இல்லை. டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அடிப்படையில் உயரம் தாண்டுபவர். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2.21 மீட்டர் தாண்டினார். அதற்கு மட்டும் 1002 பாயின்ட். முதல் நாள் முடிவில் 4260 பாயின்ட்டுடன் அவர்தான் முன்னிலை.

மறுநாள் கதை மாறியது. வட்டு எறிதலில் 650, போல் வால்ட்டில் 4.10 மீட்டருக்கு 645, ஈட்டியில் 606. மொத்தம் 7666, அப்போதைய தேசிய சாதனை, ஆனால் கிடைத்தது வெள்ளி. தங்கம் வென்ற சீன வீரர் சுன் சிஹாவோ எடுத்தது 7816. வித்தியாசம் 150. போல் வால்ட்டில் 4.60 தாண்டியிருந்தால் 790 பாயின்ட், அதாவது 145 கூடுதல். அரை மீட்டர் கம்பியில் ஏறக்குறைய ஒரு தங்கம் நின்றது.

கரிசல் காட்டு விவசாயிக்கு இது புதுசு இல்லை. பருத்தி ஏமாற்றினால் உளுந்தாவது கைகொடுக்கும் என்றுதான் ஊடுபயிர் போடுகிறார். ஆனால் ஒரு பயிர் மொத்தமாகப் போனால்? டெகத்லானில் ஒரு போட்டியில் களமிறங்காவிட்டால் ஆட்டமே முடிந்தது. முயன்று தவறினால் 0 வாங்கிக்கொண்டு தொடரலாம். அந்த 0தான் ஆளைக் கொல்லும்.

சிக்கல் இங்கேதான். 100 மீட்டரை 11.5 விநாடியில் ஓடும் பையன் மாசக்கணக்கில் உழைத்து 11 விநாடிக்கு வந்தால் 108 பாயின்ட் லாபம். அதே பையன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோலைப் பிடித்து 3 மீட்டர் தாண்டக் கற்றுக்கொண்டால் 357. ஆனால் ஓடுவதற்கு மண் தரை போதும், போல் வால்ட்டுக்கு மெத்தை வேண்டும். ஐப்பசி மழையில் காலோடு ஒட்டும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணில் விழுந்து பழக முடியாது. உங்க தாலுகாவில் எத்தனை பள்ளியில் அந்த மெத்தை இருக்கிறதென்று விசாரித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு ஹெப்டத்லான், ஏழு போட்டி, போல் வால்ட் கிடையாது. வேன் ரிக்‌ஷா ஓட்டியவரின் மகள், ஜல்பைகுரியின் ஸ்வப்னா பர்மன், 2018 ஜகார்த்தாவில் 6026 பாயின்ட்டுடன் தங்கம் வென்றது இதில்தான். உயரம் தாண்டுதலில் 1.82 மீட்டர், 1003 பாயின்ட். கிராமத்துப் பெண்களுக்கு இங்கே கதவு கொஞ்சம் அகலம். ஆனாலும் உயரம் தாண்ட மெத்தையும், ஓடத் தடைகளும், ஒரு நல்ல ஈட்டியும் இல்லாமல் அந்தக் கதவுக்குள்ளும் நுழைய முடியாது.

பள்ளிக்கு ஒன்று என்று கேட்கவில்லை. தாலுகாவுக்கு ஒரு மெத்தை, சில கோல்கள், சொல்லித்தர ஒரு ஆள். சனி, ஞாயிறு எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். திருச்சுழிப் பையனுக்கு அங்கே போய்வர பஸ் செலவும் சேர்த்து.