கொக்கி யார் கையில்?

இறந்தவரைக் குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்திக் கிடத்துவது அந்த உடம்புக்கு நாம் செய்கிற மரியாதை. அதே காரியத்தை அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கும் செய்கிறார்களே, அதை மரியாதை என்று நான் ஒப்ப மாட்டேன். அது ஒரு வகைத் திருட்டு.

விவியன் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேய உடைக் கலைஞர் 2022 டிசம்பர் 29-ஆம் தேதி லண்டனில், தமது 81-ஆம் வயதில் காலமானார். அரண்மனையில் விருது வாங்கியவர், பூமி வெப்பமாவதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர், பாரிஸ் வரை கொடி கட்டிப் பறந்தவர் என்றெல்லாம் அவரைப் போற்றுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இப்படிப் போற்றுகிறவர்களில் ஒரு சாரார், வாரும் கொக்கியும் ரப்பரும் தோலுமாக, கட்டுண்டு கிடப்பதில் இன்பம் காண்பவர்களின் உடைகளை அவர் கடைவீதியில் தொங்கவிட்ட காலத்தைப் பற்றிப் பேச வரும்போது மட்டும், அதை ஏதோ வாலிபக் குறும்பு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

வாலிபக் குறும்பா? அந்தக் கடைக்கு அந்தப் பெயரை வைத்தபோது அவருக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆரம்பப் பள்ளி ஆசிரியை. டெர்பிஷயரில் டின்ட்விஸில் என்ற கிராமத்தில் வளர்ந்தவர். தாயார் பஞ்சாலையில் வேலை செய்தவர். ஓவியப் பள்ளியில் ஒரு பருவம் படித்துவிட்டு, தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு இதில் பிழைப்பு ஏது என்று வெளியேறியவர். இப்படிப்பட்ட ஒருத்தி என்ன செய்கிறோம் என்று தெரியாமலா செய்வாள்?

லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430-ஆம் எண்ணுள்ள கடை அது. மால்கம் மெக்லாரன் என்ற துணைவரோடு 1971-இல் அங்கே வியாபாரம் தொடங்கினார். 1974-இல் கடைக்கு 'செக்ஸ்' என்று பெயர். அந்த ஒரு சொல்லை ரோஜா நிற ரப்பரில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துகளாகச் செய்து வாசலில் மாட்டினார்கள். அதற்கு முன்பும் அந்த மாதிரி உடைகள் இங்கிலாந்தில் இல்லாமலில்லை. தபாலில் எழுதிப் போட்டு, உறையைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாதபடி வரவழைத்து, அலமாரியின் அடியில் பூட்டி வைத்துக்கொண்டார்கள். வாங்கியவர்களில் கண்ணியமான கனவான்கள் இல்லையென்று யார் சத்தியம் செய்வார்? வெஸ்ட்வுட் ஆபாசத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பூட்டியிருந்த அலமாரியைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கோபம் அதனால்தான்.

பிறகு 1976-இல் அவர்கள் ஒரு கால்சட்டை செய்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் போடுகிற கால்சட்டையிலிருந்து பிறந்தது. கறுப்புத் துணி, இரண்டு கால்களின் நடுவே முன்னிருந்து பின்வரைக்கும் ஓடுகிற ஜிப், ஒரு முழங்காலையும் மறு முழங்காலையும் இணைக்கிற ஒரு வார். போட்டுக்கொண்டவன் எட்டி நடை வைக்க முடியாது. இதைப் போட்டுக்கொண்டு வேலையில்லாத பையன்களும் பெண்களும் நடுப்பகலில் தெருவில் போனார்கள். கடையில் விலை அதிகம். வாங்க முடியாதவர்கள் பழைய துணியில் ஊக்கைக் குத்திக்கொண்டு போனார்கள்.

இதில் என்ன பெரிய தத்துவம் என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்லுகிறேன். மூச்சு முட்டுகிற மாதிரி இடுப்பை இறுக்கும் கார்செட்டை ஐரோப்பியப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் அடக்கம். பள்ளிப் பிள்ளையின் கழுத்தில் ஒரு சுருக்கு மாட்டினார்கள். அதற்குப் பெயர் ஒழுங்கு. கட்டுகிற கை கண்ணுக்குத் தெரியாதவரைக்கும் அது பண்பாடு. கட்டு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அது வக்கிரம்! வெஸ்ட்வுட்டின் வார் கண்ணுக்குத் தெரிகிற வார். அதன் கொக்கி போட்டுக்கொண்டவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. வேண்டுமென்றால் மாட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். பின்னாளில், 1987-இல், அவர் கார்செட்டையே எடுத்துப் பக்கங்களில் இழுத்தால் நீளும் துணியை வைத்துத் தைத்து, உள்ளே போடுவதை வெளியே போடச் செய்தார். பெண்ணை இறுக்கிய கருவி அவளே விரும்பி எடுத்து உடுத்தும் அலங்காரமாயிற்று. இரண்டும் ஒரே மனத்தின் வேலை. முந்தியதை மறைத்துவிட்டுப் பிந்தியதைப் புகழ்வது, வேரை வெட்டிவிட்டுப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற காரியம்.

1975-இல் அந்தக் கடையின் பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு போன இளைஞர் ஒருவரைப் போலீஸ் பிடித்தது. அதில் இடுப்புக்குக் கீழே துணியில்லாத இரண்டு குதிரைக்காரர்களின் படம். கடைக்காரர்கள் இருவருக்கும் நீதிமன்றத்தில் அபராதம். 1992-இல் அதே அம்மாளுக்கு ஓ.பி.இ. விருது, 2006-இல் 'டேம்' பட்டம். அந்தக் கடையின் உடுப்புகள் இன்று மியூசியத்தில் இருக்கின்றன. 2013-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் அந்தக் காலத்து உடைகளுக்கென்றே கண்காட்சி நடத்தியது. துணி அதே துணி. தையலும் அதே தையல். நடுவில் ஒரு கண்ணாடி வந்துவிட்டது, விலை ஏறிவிட்டது, அவ்வளவுதான். அபராதம் போட்டவர்கள் எங்கே தவறினோம் என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? பட்டம் கொடுத்துக் கணக்கை நேர்செய்துவிட்டார்கள்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது புதிதல்ல. என் கதை ஒன்றில், கணவனிடம் ஒரு பெண் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்லுகிற மூன்று வரிகளை ஒரு பத்திரிகை வெட்டிவிட்டது. குடும்பங்கள் படிக்கிற பத்திரிகையாம். அதே இதழின் அட்டையில் ஈரப் புடவையோடு ஒரு பெண்ணின் படம்! அவளைப் பார்க்கலாம், அவள் பேசத்தான் கூடாது. ஆபாசம் என்று இவர்கள் அஞ்சுவது உடம்பையல்ல, உடம்புக்கு உரியவளின் விருப்பத்தை.

அப்படியானால் அந்தக் கடை செய்ததெல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. நாஜிகளின் ஸ்வஸ்திகத்தை அச்சடித்த சட்டையையும் அங்கே விற்றார்கள். அடையாளங்களை அவமதிக்கத்தான் அப்படிச் செய்தோம் என்கிற சமாதானத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒருவன் தன் காலில் தானே கட்டிக்கொள்ளுகிற வார் அவனை மட்டுமே கட்டுகிறது. அந்தச் சின்னமோ, வதை முகாமில் பெற்றோரைப் பறிகொடுத்தவன் எதிரே வந்தால் அவன் நெஞ்சில் குத்துகிறது. அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற கோடு இங்கேதான் இருக்கிறது: சம்மதம் உண்டா, இல்லையா? உடை குட்டையா நெட்டையா என்பதில் அந்தக் கோடு இல்லை. இந்தக் கோட்டின் இரண்டு பக்கத்திலும் வெஸ்ட்வுட் நின்றிருக்கிறார். அவரை நினைப்பதென்றால் இரண்டையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

2016 நவம்பரில் அவருடைய மகன் ஜோ கோரே, தம்மிடமிருந்த அந்தக் காலத்து உடைகளையும் பொருள்களையும் தேம்ஸ் நதியில் ஒரு படகில் வைத்துக் கொளுத்தினார். கலகத்துக்கு நாற்பதாவது ஆண்டு விழா எடுக்க ஸ்தாபனங்கள் கிளம்பியதைக் கண்டு வந்த ஆத்திரம். ஆத்திரம் நியாயம், நெருப்பு நியாயமா என்பது வேறு விஷயம். 2020 ஜூலையில், ஜூலியன் அசாஞ்சை அமெரிக்காவுக்கு அனுப்பக் கூடாதென்று, எழுபத்தொன்பது வயதுக் கிழவி லண்டன் நீதிமன்றத்தின் எதிரே ஒரு பெரிய பறவைக் கூண்டுக்குள் மஞ்சள் உடையோடு தொங்கினார். கட்டிலும் கூண்டிலும் அவர் கண்ட பொருள் கடைசி வரைக்கும் மாறவில்லை.

2023 பிப்ரவரியில் சவுத்வார்க் பேராலயத்தில் அவருக்கு நினைவு வழிபாடு நடந்தது. தலைகீழான சிலுவையைச் சட்டையில் அச்சடித்தவருக்குப் பேராலயத்தில் பிரார்த்தனை! தேவாலயத்தின் பெருந்தன்மை என்று இதை நான் மதிக்கிறேன். அந்தப் பெருந்தன்மை நமக்கும் வேண்டும். ஆனால் அந்தச் சட்டையை மறந்துவிட்டுச் செய்கிற பிரார்த்தனையில் பெருந்தன்மை எங்கே இருக்கிறது? நினைவு வைத்துக்கொண்டு செய்தால்தானே அது மன்னிப்பு!