அமுக்கத் தெரிந்த கை

“பிள்ளைகளைப் படிக்க விடுங்கள், உயிரைக் காப்பாற்ற 108 இருக்கிறது.” திண்டுக்கல் பக்கம் எந்தப் பள்ளி ஆண்டு விழாவிலும், ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கும் சி.பி.ஆர். முதலுதவியைச் சொல்லிக்கொடுக்கலாமே என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மேடையிலிருந்து இந்த வசனம் வந்துவிடும். கூடவே கைதட்டல். வருஷக்கணக்கில் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இதற்கு முட்டுக்கொடுக்கச் சில்லறைக் காரணங்கள் உண்டு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமாம். சாலையில் அடிபட்டவருக்கு உதவினவரை அலைக்கழிக்கக் கூடாதென்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் ஏறிவிட்டது. பிள்ளைகள் அமுக்கினால் விலா எலும்பு உடைந்துவிடுமாம். அதே மூச்சில், சின்னக் கைகளுக்குப் பலம் போதாதாம். எலும்பை உடைக்கப் பலம் இருக்கிறது, நெஞ்சை அமுக்கப் பலம் இல்லை! என்ன கை ஐயா அது?

இனி 108. 2008-ல் தமிழகத்துக்கு வந்த நல்ல சேவை; அந்த ஊழியர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் இதயம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை சாகத் தொடங்கிவிடும். வேடசந்தூர் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு, ‘கோயிலைத் தாண்டி வலது கைப் பக்கம் புளியமரம்’ என்று போனில் வழி சொல்லி முடிக்கவே அதில் பாதி போய்விடும். 2022-ல் திண்டுக்கல்லுக்கே மருத்துவக் கல்லூரி வந்தாயிற்றே என்பார்கள். வந்தாயிற்று, அங்கே போய்ச் சேரும்வரை மூளைக்கு ரத்தத்தை யார் தள்ளுவது? இதயம் பெரும்பாலும் வீட்டில் வைத்துத்தான் நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் மில் ஷிப்டுக்குப் போன வீட்டில் தாத்தா கட்டிலிலிருந்து சரிந்தால், பக்கத்தில் இருப்பவர் மேடைப் பேச்சாளர் அல்ல, பத்தாம் வகுப்புப் பேத்தி.

அவளுக்கு இப்போது என்ன தெரியும்? முகத்தில் தண்ணீர் தெளிக்கத் தெரியும். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கத் தெரியும். பூட்டுக்குப் பேர்போன ஊரில் சாவிக்கா பஞ்சம்? தாத்தா விட்டுவிட்டு இழுப்பதைப் பார்த்து ‘மூச்சு இருக்கு’ என்று நம்பி உட்கார்ந்திருப்பாள். அது மூச்சில் சேர்த்தியே இல்லை என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதோ கொஞ்சம்தான். 108-ஐக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போடு. ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்கவை. நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன்மேல் மற்றக் கையை வை. முழங்கை மடங்காமல், உடம்பின் எடையைக் கொடுத்து இரண்டு அங்குலம் அமுக்கு, நெஞ்சு முழுதாக எழும்பட்டும், மறுபடி அமுக்கு. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வண்டி வரும்வரை நிறுத்தாதே.

டென்மார்க்கில் 2005-ல் இதைப் பள்ளியில் கட்டாயமாக்கினார்கள். 2001-ல் வெளியிடங்களில், வீடுகளில் இதயம் நின்றவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் பக்கத்திலிருந்தவர் கை கொடுத்தார். 2010-ல் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு. ஒரு மாதம் தாண்டிப் பிழைத்திருந்தவர்களின் விகிதம் மூன்று மடங்கானது. அங்கேயும் ஆம்புலன்ஸ் ஓடுகிறது.

‘பொதுத்தேர்வு இருக்கே, நேரம் ஏது?’ 2015-ல் உலக சுகாதார நிறுவனம் ஆமோதித்த பரிந்துரை, 12 வயது முதல் வருஷத்துக்கு இரண்டே மணி நேரம். கணக்கு வாத்தியார் ஒரு மாதத்தில் பிடுங்கிக்கொள்ளும் பி.இ.டி. பீரியடுகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாலே வேலை முடிந்தது.