புகார் கொடுத்த அன்று இரவு

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவன் ஒருவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் அவனுடைய பள்ளிப் பிள்ளைகள். சாதியைச் சொல்லி அவர்கள் செய்த தொந்தரவு தாங்காமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்து புகாரானது. வெட்டு அதன் பிறகு விழுந்தது.

புகாருக்கும் அரிவாளுக்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தைப் பற்றி நம் பள்ளி விதிகள் வாய் திறப்பதில்லை. 'பசங்க சண்டை, கூப்பிட்டுக் கண்டித்துவிட்டோம்' என்பதோடு ஆசிரியர் அறையில் கணக்கு முடிந்துவிடும். கண்டிப்பு வாங்கியவன் மாலை மணி அடித்ததும் யாரைத் தேடிப் போவான் என்று கேட்க ஆளில்லை. 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலிலேயே மாட்டி வைத்தால், சீட்டு போடப் போகிறவனை வராந்தாவே பார்க்கும்.

கல்லூரிக்கு வழி முன்பே கண்டாயிற்று. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட அதிர்ச்சியில் 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் உண்மையான பல் வேறிடத்தில் இருக்கிறது: புகார் வந்தும் விசாரிக்காமல் விட்ட நிறுவனத் தலைவரும் குற்றத்துக்கு உடந்தை என்கிறது அது. கல்லூரி ராகிங்கை நினைத்து எழுதிய அந்தப் பிரிவு, பள்ளிக்கென்றே தனியாக எழுதப்பட வேண்டும்.

சுற்றறிக்கை போதாதா என்பவர்கள் 2019-ஐ நினைத்துப் பார்க்கட்டும். மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும், தனக்குத் தெரியாமல் அனுப்பியது என்று துறை அமைச்சரே கைகழுவினார். சட்டத்தை அப்படிக் கைகழுவ முடியாது. நாங்குநேரிக்குப் பின் அமைந்த முன்னாள் நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையும் தனிச் சட்டம் கேட்கிறது. பேச்செல்லாம் அது சொன்ன கயிறு, பொட்டுத் தடை பற்றியே ஓடியதில் அந்தப் பரிந்துரை பின்னால் போய்விட்டது.

பதினாறு வயதுப் பையன்களைச் சிறைக்கு அனுப்புவதா என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் புதிய தண்டனை எதையும் நாம் கேட்கவில்லை. கட்டுப்பட வேண்டியவர்கள் பெரியவர்கள். புகாருக்குக் கையெழுத்திட்ட ரசீது, அன்றைக்கே இரு வீட்டுப் பெற்றோருக்கும் தகவல், புகார் கொடுத்த பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேர ஓர் ஏற்பாடு, இவை சட்டக் கடமையாக வேண்டும். தவறினால் தலைமையாசிரியரோடு பள்ளி நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும். தலைமையாசிரியரை மட்டும் பலிகொடுத்துவிட்டுத் தாளாளர் ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கக் கூடாது.

இன்னொரு வரியும் அந்தச் சட்டத்தில் இருக்கட்டும். பிரச்சினை என்று வந்தால், 'இங்கே உங்கள் பையனுக்குச் சரிப்படாது' என்று இதமாகச் சொல்லி, அடிபட்ட பிள்ளையின் கையிலேயே டி.சி.யைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. புகார் நிலுவையில் இருக்கும்போது அப்படி டி.சி. கொடுப்பது குற்றம் என்று சட்டம் சொல்ல வேண்டும்.