குடலில் பிறந்தால் மட்டும் போதுமா?

போன செமஸ்டர் புராஜெக்டில், கைக்குழந்தையின் மலத்திலிருந்து பிரித்த ஒரு லாக்டோபேசில்லஸை அமிலக் கரைசலில் மூன்று மணி நேரம் வைத்தேன். சாகவில்லை. பித்த உப்பிலும் தப்பித்தது. "புரோபயாடிக் கிடைச்சாச்சு!" என்று வீட்டில் ஒரே அலட்டல். பாட்டி கேட்டார்: "அப்ப அதை மோர்ல கலந்து எனக்குக் குடுப்பியா?"

வாயை மூடிக்கொண்டேன். அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பதிவு.

மனிதக் குடலில் தேடுவது தப்பில்லை. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் வளர்த்தெடுத்த பாக்டீரியாதான் 1935-இல் யாகுல்ட்டாக விற்பனைக்கு வந்தது. கோர்பாக், கோல்டின் இருவரும் 1980களில் மனிதக் குடலிலிருந்து பிரித்ததுதான் எல்ஜிஜி. கடைசி இரண்டு 'ஜி'யும் அவர்கள் பெயரே :-)

ஆனால் பிறந்த இடம் ஒரு தகுதியா? 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு தந்த வரையறை இதுதான்: உயிருள்ள நுண்ணுயிர், போதுமான அளவில் கொடுத்தால், உடலுக்கு நன்மை தரவேண்டும். இதில் 'மனிதக் குடல்' என்ற சொல்லே இல்லை.

பால் வேறு ஒரு பரீட்சை. குழந்தைகளின் குடலில் செழித்து வளரும் பிஃபிடோபாக்டீரியா பல, பசும்பாலில் சோம்பேறிகள். ஆக்சிஜனும் ஆகாது. அதோடு அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்கும். அளவு மீறினால் தயிரில் வினிகர் வாடை. இதையெல்லாம் தாண்டினாலும், ஃபிரிட்ஜில் காலாவதித் தேதி வரை உயிரோடு இருக்கவேண்டும்.

அதைவிட முக்கியம் பாதுகாப்பு. ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் ஜீன் பிளாஸ்மிடில் இருந்தால் வேறு கிருமிக்கும் தாவலாம். 2008-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று லான்செட்டில் வந்தது. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குக் குழாய் வழியே புரோபயாடிக் கலவை கொடுத்தார்கள். அந்தக் குழுவில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். போலி மருந்துக் குழுவில் 6 சதவீதம். ஆரோக்கியமானவர்கள் தயிர் சாப்பிடப் பயப்படவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. 'நல்ல பாக்டீரியா' எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று நாமாக நினைத்துக்கொள்ளக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே நண்பர்களே, அமிலத்திலும் பித்தத்திலும் பிழைத்ததை 'வாய்ப்புள்ளது' என்று சொல்லுங்கள், சரி. மனிதர்களிடம் சோதித்து நன்மை தெரியும் முன்பே 'புரோபயாடிக்' என்று பட்டம் கொடுக்காதீர்கள். என் ரிப்போர்ட்டில் அந்தத் தலைப்பை நானே அடித்துத் திருத்திவிட்டேன்.

பாட்டிக்கு இப்போதும் வீட்டு மோர்தான்.