கிழிசல் தெரியட்டுமே



மருதமுனையிலோ காத்தான்குடியிலோ வாங்கிய கைத்தறிச் சாரம் முதலில் எங்கே நைந்துபோகும்? பெரும்பாலும் உட்காரும் இடத்தில்தான். மற்றப் பக்கமெல்லாம் உறுதியாகவே இருக்கும். ஆனாலும் அடுத்த வாரமே அது குசினித் துணி. சீலைக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, பிள்ளைக்கு ஏணையாகும்.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகளுக்குப் பிறகு, சித்திரைக்கோ பெருநாளுக்கோ வீட்டில் எல்லோருக்கும் உடுப்பு எடுப்பது லேசான காரியமா? கிழிந்த இடத்தைப் பூத்தையலால் மூடி, இன்னும் கொஞ்சக் காலம் உடுத்தினால் என்ன?

வங்காளத்துப் பெண்கள் பழைய பருத்திச் சீலைகளை அடுக்கி, சீலைக் கரையிலிருந்தே உருவிய நிற நூலால் ஓடுதையல் போட்டார்கள். அதுதான் காந்தா. குளிரில் பருத்தி விளையாத வட ஜப்பானில், வெளியூரிலிருந்து கப்பலில் வந்த கந்தலை வாங்கி ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்தார்கள். அந்த உடுப்புகள் இன்று மியூசியத்தில் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் உடுப்புக்குக் கூப்பன் வைத்த பிரித்தானிய அரசு, பழையதைத் தைத்து உடுக்கச் சொல்லி 1943இல் கையேடே வெளியிட்டது.

ஆனால் ஒட்டுப் போட்டு உடுப்பதை ஃபேஷன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போர்க்கால இடப்பெயர்வையும் 2004 சுனாமியையும் கண்ட கிழக்குக் கரை இது. யாரோ தந்த உடுப்பை அளவு பாராமல் உடுத்தவர்களுக்கு ஒட்டுப் போட்ட சட்டை அழகாகத் தெரியுமா? என் பிள்ளை கிழிசலோடு போகக்கூடாது என்று நினைக்கும் தாயிடம் என்ன குறை காண்பது?

அதனால்தான் ஒளிக்காமல் தையுங்கள் என்கிறேன். அதே நிற நூலால் மறைத்த கிழிசல் எப்படியும் தெரியும், மறைத்ததும் சேர்ந்தே தெரியும். நீலச் சாரத்தில் சிவப்பு நூலால் சங்கிலித் தையல் போட்டால், விரும்பிச் செய்தது என்பது பார்த்தவுடனே விளங்கும்.

ஒட்டுத் துணி புதிது என்றால் ஒருமுறை தோய்த்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் பிறகு அது சுருங்கி, சுற்றியுள்ள நைந்த துணியை இழுத்துக் கிழிக்கும். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூட இருக்கட்டும். தையல் நல்ல துணிவரை போனால்தான் பிடிக்கும். நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று பாருங்கள்.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் பூவேலை வேண்டாம், அங்கே வெள்ளை நூல்தான். துணியே இழுபட்டுத் தளர்ந்துபோன லெக்கின்ஸை விட்டுவிடுங்கள். அதற்கு நேரம் செலவழிப்பது வீண்.

இதைப் பெண்களுக்கு மட்டும் எழுதவில்லை. வாவிக்கரையில் குந்தியிருந்து, கிழிந்த வலையைக் கண் கண்ணாகப் பொத்துகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே? அப்படிப்பட்ட கை இருக்கிற வீட்டில் சட்டைக் கிழிசல் மட்டும் ஏன் அம்மாவுக்காகக் காத்துக் கிடக்கிறது?

அன்புடன்,
ஆசிரியர்